முக்கால் வினாடியில் நிலாவைக் கடக்கும் வீடு!

மூன்றாமாண்டு, சிவில் பிரிவு

மழை பெய்து விட்ட சாயங்காலத்தில் வராந்தாவில் எரியும் குண்டு பல்பைச் சுற்றி ஈசல் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒரு ஈசல் சரியாகப் பல்புக்குக் குறுக்கே போகிறது. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் நண்பனைக் கேளுங்கள். "குறுக்கே எங்கடா போச்சு? பல்புக்கு அந்தப் பக்கமாப் போச்சு" என்பான். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஈசல் பல்பைத் தொடவே இல்லை. உங்கள் கண், ஈசல், பல்பு மூன்றும் ஒரு நொடி ஒரே நேர்கோட்டில் வந்தன. அவ்வளவுதான்!

இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஈசல் கதைதான். பல்புக்குப் பதில் நிலா. ஈசலுக்குப் பதில் சர்வதேச விண்வெளி நிலையம். முழம் என்பதற்குப் பதில் நாலைந்து கிலோமீட்டர். நிலாவுக்குக் குறுக்கே ஒரு செயற்கைக்கோள் போவதைப் படம் எடுப்பதற்கு விலை உயர்ந்த கேமரா வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கேமரா இரண்டாம்பட்சம் என்பது ஒரு முறை ஏமாந்த பிறகுதான் புரிந்தது. எங்கே நிற்கிறோம், எந்த வினாடியில் நிற்கிறோம், இந்த இரண்டும்தான் வேலையில் முக்கால்வாசி. அது கணக்கு வேலை. அதுவும் நம் சர்வே பாடத்துக் கணக்கைவிடக் கஷ்டமானது இல்லை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்த விஷயத்தை ஆரம்பித்தாலே வகுப்பில் எல்லோரும் கேட்பது, "அப்ப சந்திரயான் தெரியுமா?" தெரியாது. சந்திரயான்-2 2019-இல் கிளம்பி, அதன் சுற்றுகலம் நிலாவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் நிலாவையே சுற்றிக்கொண்டிருக்கிறது. நம்மிடமிருந்து அது 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சில மீட்டர் அகலமுள்ள ஒரு பொருள் அத்தனை தூரத்தில் எந்த டெலஸ்கோப்பிலும் புள்ளியாகக்கூடத் தெரியாது. நான் சொல்லும் விண்வெளி நிலையமோ நம் தலைக்கு மேலே 400 முதல் 420 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. நிலா அதைப்போல் தொள்ளாயிரம் மடங்குக்கும் அதிக தூரத்தில் இருக்கிறது. 'நிலாவுக்குப் பக்கத்தில்' என்பது நம் கண்ணுக்கு மட்டும்தான் பக்கம்.

சிவில் மாணவன் என்பதால் எனக்கு எதையும் தியோடலைட்டை வைத்துத்தான் அளக்கத் தோன்றும். நம் சர்வே லேபில் இருக்கும் வெர்னியர் தியோடலைட்டின் மிகச் சிறிய அளவு 20 செகண்ட். (இங்கே ஒரு விஷயம். கோணத்தின் செகண்டை 'செகண்ட்' என்றும், கடிகாரத்தின் செகண்டை 'வினாடி' என்றும் எழுதுகிறேன். இல்லையென்றால் எனக்கே குழம்பிவிடும்.) நிலாவின் அகலம் சுமார் 31 நிமிடம், அதாவது அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல். விண்வெளி நிலையத்தின் நீளம் 109 மீட்டர். அது நேர் உச்சியில் போகும்போது 55 செகண்ட் இருக்கும். லேபில் 20 செகண்டைப் படிக்கப் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எத்தனை பேர் திட்டு வாங்கியிருக்கிறோம்! அப்படிப்பட்ட இரண்டேமுக்கால் கோடுதான் அந்த நிலையம் முழுவதும்.

இன்னொரு மாதிரி சொல்கிறேன். இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை இரண்டு மீட்டர், இருபது சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் அது நிலா அளவுக்குத் தெரியும். அந்த நாணயத்தின் மேல் ஒரே ஒரு ரவையை ஒட்டி வையுங்கள். அதுதான் நிலையம்.

அந்த ரவை என்ன வேகத்தில் போகிறது? வினாடிக்கு 7.66 கிலோமீட்டர்! மதுரையிலிருந்து சிவகங்கைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இதற்கு ஆறேழு வினாடி. பூமியை ஒரு சுற்றுச் சுற்ற 93 நிமிடம்கூட ஆகாது. ஒரு நாளைக்குப் பதினைந்தரைச் சுற்று. உச்சிக்கு மேல் போகும்போது வினாடிக்கு ஒரு டிகிரி நகரும். நிலாவின் அகலம் அரை டிகிரி. ஆக, அரை வினாடியில் நிலாவைத் தாண்டிவிடும். நிலா கொஞ்சம் சரிவாக இருந்தால் முக்கால் வினாடி, ஒரு வினாடி கிடைக்கும். கண் சிமிட்டினால் போச்சு.

இப்போது எங்கே நிற்பது என்ற கேள்விக்கு வருகிறேன். சாரமே இங்கேதான் இருக்கிறது. நிலா தன் குறுக்களவைப்போல் சுமார் 110 மடங்கு தூரத்தில் இருக்கிறது. இந்த 110 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு இடத்தில் உதவும். நிலா வெளிச்சத்தில் விண்வெளி நிலையத்தின் 'நிழல்' தரையில் ஓடுகிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த நிழல் ஓடும் பட்டைக்குள் நிற்பவர்களுக்குத்தான் நிலையம் நிலாவின் மேல் போவதாகத் தெரியும். பட்டையின் அகலம் எவ்வளவு? நமக்கும் நிலையத்துக்கும் உள்ள தூரத்தை 110-ஆல் வகுத்தால் வருவதுதான். நிலா 60 டிகிரி உயரத்தில் இருக்கிறது, நிலையம் 415 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சைன் 60-ஆல் வகுத்தால் சாய்தூரம் சுமார் 475 கிலோமீட்டர். அதை 110-ஆல் வகுத்தால் 4.3 கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு, நாலேகால் கிலோமீட்டர் அகலத்தில் ஒரு ரிப்பன்! அதன் ஓரத்தில் நின்றால் நிலாவின் விளிம்பை உரசிக்கொண்டு போகும். நட்ட நடுவில் நின்றால்தான் முழு அகலத்தையும் கடக்கும்.

நம் வீட்டு மொட்டைமாடிக்கே அந்த ரிப்பன் வரும் என்று காத்திருந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதை நோக்கி நாம் போகத் தயார் என்றால் வாய்ப்பு பல மடங்கு கூடும். எந்தப் பக்கம் போவது? ஈசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஈசல் பல்புக்கு வலது பக்கம் தெரிந்தால் நாமும் வலது பக்கம் நகர வேண்டும். கிட்டே இருப்பது இடது பக்கம் நகர்ந்து பல்புக்கு நேரே வந்துவிடும். அதேபோல் நிலையம் நிலாவுக்கு வடக்கே போவதாகக் கணக்கு சொன்னால் நாமும் வடக்கே போக வேண்டும். எவ்வளவு? சாய்தூரம் பெருக்கல் டேன். ஒரு டிகிரி தள்ளிப் போகிறது, சாய்தூரம் 475 என்றால் சுமார் எட்டேகால் கிலோமீட்டர். டேனுக்கு உருப்படியான ஒரு உபயோகம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

நிலா எத்தனை மணிக்கு எங்கே இருக்கும் என்பது பஞ்சாங்கம்போல் துல்லியமாகத் தெரிந்த விஷயம். நிலையம் அப்படி இல்லை. அதன் பாதையை இரண்டே வரியில் எழுதி வெளியிடுகிறார்கள். வரிக்கு 69 எழுத்திடம். பஞ்ச் கார்டு காலத்து வடிவம் இன்றுவரை தொடர்கிறது. அதில் நிலையத்தின் எண் இருக்கும், ரேஷன் கார்டு நம்பர் மாதிரி. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 25544. பூமத்திய ரேகைக்குப் பாதை எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது (51.6), ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, எல்லாம் அந்த இரண்டு வரிக்குள் அடக்கம். செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ உள்ள புரோகிராம்கள் இதை வாங்கிக்கொண்டு, நிலாவின் இடத்தையும் சேர்த்து, எந்த ஊருக்கு மேல் ரிப்பன் போகும் என்று வரைபடத்திலேயே கோடு போட்டுக் காட்டிவிடும். காசு கொடுக்க வேண்டியதில்லை.

அந்த முதல் வரியில் ஒரு தேதியும் இருக்கும். இந்தக் கணக்கு எந்த நாளைக்கு உரியது என்ற தேதி. நான் கவனிக்காமல் விட்டது அதைத்தான்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வளர்பிறை, அரை நிலா. இரவு 7 மணி 4 நிமிடம் 18 வினாடிக்கு நிலையம் நிலாவைக் கடக்கும் என்று செவ்வாய்க்கிழமையே கணக்கு எடுத்து நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். கேமரா எங்கள் ஊர் ஸ்டூடியோ அண்ணனுடையது. "தம்பி, முகூர்த்த நாளா இல்லாமப் பார்த்துக்க, தாராளமா எடுத்துட்டுப் போ. லென்ஸ்ல மட்டும் கை வெச்சிடாத" என்று 300 மில்லிமீட்டர் லென்ஸோடு கொடுத்தார். கல்யாண வீட்டில் மேடைக்குத் தூரத்திலிருந்து எடுக்கிற லென்ஸ். நானும் என் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேரும் கல்லூரிக்குத் தெற்கே ஒரு கண்மாய்க் கரைக்குப் போனோம். வானம் துடைத்து விட்டதுபோல் இருந்தது.

7 மணி 4 நிமிடம் 15 வினாடிக்கு பட்டனை அழுத்தினேன். படபடவென்று பத்து வினாடிக்குப் படம் ஓடியது. நிலா இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. "வந்துச்சாடா?" "தெரியலையே..." என்று நாங்கள் குனிந்து கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நண்பன் ஒருவன் கத்தினான். தென்னை மரங்களுக்கு மேலே, நட்சத்திரத்தைவிடப் பிரகாசமாக, சத்தமே இல்லாமல் அது ஏறி வந்துகொண்டிருந்தது! ஏறக்குறைய ஒரு நிமிடம் தாமதம். நிலாவிலிருந்து நாலைந்து நிலா அகலம் தள்ளி, நிதானமாகத் தாண்டிப் போயே போய்விட்டது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது எதிர்ப் பக்கம் போகும் பஸ்ஸைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்பும்போது யாரும் பேசவில்லை. பெட்ரோல் காசு மூன்று பேரும் பங்கு போட்டது.

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நேரம் தவறா? செல்போன் நேரத்தைச் சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இடம் தவறா? கோட்டுக்கு நடுவில்தான் நின்றிருக்கிறோம். பிறகு புதிய இரண்டு வரியை எடுத்துப் பழையதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்குச் சுற்றும் எண்ணிக்கை 0.005 குறைந்திருந்தது. புதன்கிழமை நிலையத்தின் பாதையை உயர்த்தியிருக்கிறார்கள்!

இது ஏன் என்றால், 400 கிலோமீட்டர் உயரத்திலும் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கிறது. அது உரசி உரசி நிலையம் மாதத்துக்கு ஓரிரு கிலோமீட்டர் இறங்கிவிடுகிறது. அப்படியே விட்டால் விழுந்துவிடும். ஆகவே அவ்வப்போது எஞ்சினை எரித்து மேலே தூக்குகிறார்கள். மேலே போனால் சுற்று பெரியது, வேகமும் குறைவு. அதனால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கூடுகிறது. இது கெப்ளரின் மூன்றாம் விதி. கணக்கைப் பாருங்கள். 0.005 சுற்றை, ஒரு சுற்றுக்கு ஆகும் 5,570 வினாடியால் பெருக்கினால் 28 வினாடி. ஒரு நாளைக்கு 28 வினாடி தாமதம் என்றால் புதனிலிருந்து வெள்ளிக்குள் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாங்கள் கரையில் பார்த்த தாமதம் அதேதான்! இதற்கு எவ்வளவு உயர்த்தியிருக்க வேண்டும் என்று கெப்ளரை வைத்துப் பின்னோக்கிப் போட்டால் ஒன்றரைக் கிலோமீட்டர் வருகிறது. அவர்கள் அங்கே ஒன்றரைக் கிலோமீட்டர் தூக்கியதற்கு எங்கள் வெள்ளிக்கிழமை போச்சு.

தாமதமாக வந்தாலும் நிலாவின் மேல் வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். நிலையம் தாமதமாக வரும் அந்த நேரத்தில் பூமி சும்மா இருப்பதில்லை. நம் ஊர் இருக்கும் இடத்தில் தரை வினாடிக்கு 450 மீட்டருக்கு மேல் கிழக்கே நகர்கிறது. ஒரு நிமிடத்தில் 27 கிலோமீட்டர். பாதை குறுக்குச் சாய்வாக இருப்பதால் ரிப்பன் எங்களைவிட்டு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் விலகியிருக்கும். நாலேகால் கிலோமீட்டர் ரிப்பனுக்கு 20 கிலோமீட்டர் வெளியே நின்றுகொண்டு நான் கேமராவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நிலாவிலிருந்து எவ்வளவு தள்ளிப் போயிருக்க வேண்டும் என்றும் போட்டேன். இரண்டேகால் டிகிரி. நாலரை நிலா அகலம்! அந்தக் கணக்கு முடிந்தபோது, படம் கிடைத்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேனா தெரியாது என்று நினைத்தேன். (பொய். படம் கிடைத்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.)

இப்படி நேரத்தையும் இடத்தையும் பிடித்துக்கொண்டு காத்திருப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1957 அக்டோபர் 4-ஆம் தேதி ரஷ்யர்கள் ஸ்புட்னிக்கை அனுப்பியபோது அதைக் கண்டுபிடித்துத் தொடர அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வானியல் ஆய்வகம் 'மூன்வாட்ச்' என்ற பெயரில் சாதாரண மக்களைத்தான் நம்பியது. ஃப்ரெட் விப்பிள் என்ற வானியலாளரின் யோசனை அது. மாணவர்களும் ஆசிரியர்களும் வரிசையாக உட்கார்ந்து, சின்னச் சின்ன டெலஸ்கோப்பால் வானத்தில் வடக்கு தெற்காக ஒரு வேலி போட்டதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்த வினாடியில் எந்த டெலஸ்கோப்பில் புள்ளி கடந்தது என்று குறிப்பார்கள். அதே ஆய்வகம் உலகெங்கும் 12 இடங்களில் வைத்த பேக்கர்-நன் கேமராக்களில் ஒன்று நம் நாட்டு நைனிடாலில் இருந்தது. அவர்களுக்கு வேலி. நமக்கு நிலா.

சரி, கேமரா விஷயம். லென்ஸின் குவிதூரத்தையும் அதே 110-ஆல் வகுத்தால் சென்சாரில் நிலா விழும் அளவு கிடைக்கும். 300 மில்லிமீட்டர் லென்ஸில் நிலா 2.7 மில்லிமீட்டர். ஸ்டூடியோ அண்ணனின் கேமராவில் அது சுமார் 680 பிக்ஸல். நிலையம் 15, 16 பிக்ஸல். நடுவில் உடம்பும் இரண்டு பக்கம் இறக்கையும் இருக்கிறது என்று சொல்லுமளவுக்குத் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. 900 மில்லிமீட்டர் குவிதூரமுள்ள சின்ன டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டினால் இதைப்போல் மூன்று மடங்கு. ஷட்டர் வேகம் 1/1000-க்குக் குறையக் கூடாது, 1/1600 நல்லது. இல்லையென்றால் புள்ளி கோடாக இழுத்துவிடும். முழுநிலா என்றால் துவாரம் 5.6, ஐ.எஸ்.ஓ. 400, ஷட்டர் 1/1600 சரியாக இருக்கும். நிலா என்பது நடுப்பகல் வெயில் காயும் பாறைதானே! பலர் இரவு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டி வைத்து நிலாவை வெள்ளைத் தட்டாக்கிவிடுகிறார்கள். அரை நிலா என்றால் ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு ஏற்ற வேண்டும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, நிலாவின் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்து, அந்த வளையத்தின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். பட்டனை இரண்டு மூன்று வினாடி முன்னதாகவே அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரிய லென்ஸ் இல்லாதவர்கள் ஒரு பைனாகுலரை ஸ்டாண்டில் கட்டிப் பார்த்தாலும் புள்ளி ஓடுவது தெரியும்.

அந்தப் புள்ளி வெளிச்சமாகத் தெரியுமா, கறுப்பாகத் தெரியுமா? இரண்டும் உண்டு. பொழுது சாய்ந்த நேரத்தில் நமக்கு இருட்டினாலும் 400 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அப்போது நிலையம் வெளிச்சமாகப் போகும். தை மாதம் எங்களை ஏமாற்றிவிட்டுப் போனது அப்படித்தான். இரவு ஏறிவிட்டால் அது பூமியின் நிழலுக்குள் போய்விடும். தலைக்கு மேலேயே போனாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் முழுநிலா உயர ஏறியிருக்கும்போது அதற்குக் குறுக்கே போனால் மட்டும் கறுப்பு உருவமாக முக்கால் வினாடி அகப்பட்டுக்கொள்ளும். மற்றபடி கண்ணுக்கே தெரியாத ஒன்றை நிலா காட்டிக்கொடுக்கிறது! எனக்கு இந்தக் கறுப்புதான் பிடித்திருக்கிறது.

பங்குனியில் இரண்டாவது முறை போனோம். பௌர்ணமிக்கு மறுநாள், இரவு 10 மணி 41 நிமிடத்துக்கு. கல்லூரியிலிருந்து பார்த்தால் நிலையம் நிலாவுக்கு வடக்கே ஒன்றேகால் டிகிரி தள்ளிப் போகும். சாய்தூரம் 520 கிலோமீட்டர். ஆகவே வடக்கே 11 கிலோமீட்டர். இந்த முறை அன்று மத்தியானம் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் புதிய வரிகளை எடுத்துப் பார்த்தேன். அரை வினாடிகூட மாறவில்லை.

நண்பர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல். ராத்திரி நேரம் என்பதால் அப்பா எக்ஸெல் வண்டியை எடுத்துக்கொண்டு தானும் வருகிறேன் என்றார். அப்பா கொத்தனார். அன்று முழுவதும் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். காற்றில் ஸ்டாண்டு ஆடுவதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடந்த இரண்டு செங்கலைச் சாக்குப் பையில் போட்டு ஸ்டாண்டின் நடுவில் தொங்கவிட்டார். ஆட்டம் நின்றுவிட்டது. இது எந்தக் கேமராப் புத்தகத்திலும் நான் பார்க்காத யோசனை இல்லை, ஆனால் அப்பா எந்தப் புத்தகமும் பார்க்கவில்லை.

"அதுல ஆள் இருக்காங்களா தம்பி?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட அந்த வீடு காலியாக இருந்ததில்லை. 2025-இல் நம் நாட்டு சுபான்ஷு சுக்லாவும் அங்கே போய் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தார். "அவ்ளோ பெருச எப்படி மேல ஏத்துனாங்க?" முழுதாக ஏற்றவில்லை, 1998 நவம்பரில் முதல் துண்டு, அடுத்த மாதம் இரண்டாவது துண்டு, அப்படியே வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் மேலேயே சேர்த்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாரம் எங்க கட்டுனாங்க?" என்றார். மேலே எடை இல்லாததால் சாரம் தேவையில்லை, ஆனால் பிடி நழுவினால் ஆள் மிதந்து போய்விடுவார் என்பதால் கயிறு கட்டிக்கொண்டுதான் வேலை பார்ப்பார்கள் என்று சொன்னேன். "நாங்களும் கட்டணும். யாரு கட்டுறா!" என்றார்.

அதற்குள் நேரம் வந்துவிட்டது. நண்பன் வினாடி எண்ணினான். பூஜ்ஜியத்துக்கு மூன்று வினாடி இருக்கும்போது அழுத்தினேன். ஒன்றும் தெரியவில்லை. அப்பாவும் ஒன்றும் பார்க்கவில்லை என்றார். கையெல்லாம் வேர்த்து, பின்னோக்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். நிலா, நிலா, நிலா... பதினேழாவது படத்தில் மேல் விளிம்புக்குக் கீழே ஒரு கறுப்புப் பொட்டு. அடுத்ததில் கொஞ்சம் கீழே. வினாடிக்கு ஆறு படம், முக்கால் வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக நான்கு படத்தில் அது இருக்கிறது! மூன்றாவதைப் பெரிதாக்கினால் இரண்டு பக்க இறக்கையும் தனித்தனியாகத் தெரிகிறது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

மற்ற செயற்கைக்கோள்களையும் இப்படி எடுக்கலாமா? சீனாவின் டியாங்காங் நிலையத்தை எடுக்கலாம், ஆனால் அது இதைவிடச் சிறியது. ஹப்பிள் தொலைநோக்கி 13 மீட்டர் நீளம்தான். 500 கிலோமீட்டர் தூரத்தில் ஐந்து செகண்ட் வரும். எங்கள் லென்ஸில் இரண்டு பிக்ஸல், நல்ல டெலஸ்கோப் இருந்தால் முயற்சி செய்யலாம். டி.வி. ஒளிபரப்பும் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் அசையாமல் நிற்பவை. நிலா அவற்றுக்குப் பின்னால் நகர்ந்து போக இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நேரம் தாராளம், ஆனால் அந்தத் தூரத்தில் அவை அரை செகண்ட்கூட இல்லை. ஆகவே முடியாது. சூரியனுக்குக் குறுக்கேயும் நிலையம் போகும். பிரான்ஸ் நாட்டு தியெரி லெகோ இதில் பெரிய கை. 2009 மே மாதம் அட்லாண்டிஸ் விண்ணோடமும் ஹப்பிளும் சேர்ந்து சூரியனைக் கடந்ததை ஃபுளோரிடாவிலிருந்து எடுத்தார். 2011 ஜனவரி 4-ஆம் தேதி ஓமன் நாட்டுக்குப் போய், சூரிய கிரகணத்தின்போது நிலாவும் நிலையமும் ஒரே நேரத்தில் சூரியன்மேல் இருப்பதை எடுத்தார். பாருங்கள், அவரும் ரிப்பனைத் தேடித்தான் நாடுவிட்டு நாடு போயிருக்கிறார். ஆனால் சூரியன் பக்கம் லென்ஸையோ பைனாகுலரையோ அதற்கென்று உள்ள வடிகட்டி இல்லாமல் திருப்பாதீர்கள். கண் போய்விடும். எக்ஸ்ரே பிலிம், கறுப்புக் கண்ணாடி எதுவும் ஆகாது.

எங்கள் படத்தை ஸ்டூடியோ அண்ணன் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கடையில் கல்யாணப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் "லென்ஸ்ல தூசியாண்ணே?" என்று கேட்கிறார்களாம். நியாயமான கேள்விதான். தூசி என்றால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். அதனால் இப்போது நான்கு படத்தையும் வரிசையாக மாட்டச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ரிப்பன் நம் கல்லூரிக்குக் கிழக்கே 6 கிலோமீட்டரில் வருகிறது. கேமரா ஸ்டாண்டு வைத்திருப்பவர்கள் சிவில் மூன்றாமாண்டு வகுப்பில் வந்து சொல்லுங்கள். செங்கல் நாங்கள் கொண்டுவருகிறோம்.